சூலூரிலிருந்து வந்த பால்

14.6.2024
ஆஸ்பத்திரி, இரண்டாம் மாடி, கோவை

அன்புள்ள மிஸ்பா அண்ணிக்கு, ரிஃபானா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன், அல்ஹம்துலில்லாஹ். நீங்கள் சுகமா? தல்ஹாவுக்குப் பல் முளைக்கிற காய்ச்சல் விட்டதா?

போன் இருக்கும்போது இவளுக்கு என்ன கடிதம் என்று சிரிக்காதீர்கள். குழந்தை வார்டுக்குள் போன் கூடாது. வெளியே வந்து உங்களைக் கூப்பிட்டால் உடனே ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறீர்கள். அண்ணன் கேட்கிறார், கீழ் வீட்டு சபுராக்கா கேட்கிறார், "இன்னைக்கு எத்தனை கிராமு அம்மணி?" என்று தெருவே கேட்கிறது. நான் எப்படி அழுவது? அதனால்தான் இதைக் காலிப் பாட்டில்களோடு ஐஸ் பெட்டியில் வைத்து அனுப்புகிறேன். சுற்றிலும் டேப் ஒட்டியிருக்கிறேன். அண்ணன் பிரித்தால் தெரிந்துவிடும்.

இருபத்தெட்டு வாரத்தில் பிரஷர் ஏறி, வயிற்றைக் கிழித்து எடுத்தார்கள். ஆயிரத்து நாற்பது கிராம். ஐந்து நாள் எனக்கு நினைவில்லை. ஆறாம் நாள் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போய்க் காட்டினார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் மூக்கில் ஒரு குழாய், வாயில் ஒரு குழாய், என் உள்ளங்கை நீளத்துக்கு ஒரு முதுகு. "இதுவா?" என்று கேட்டேன் அண்ணி. பெற்றவள் கேட்கிற கேள்வியா அது? ருமைசா என்று பெயர் வைத்துவிட்டார்கள். எனக்கு அந்தப் பெயரைச் சொல்லக்கூட வாய் வரவில்லை. யார் வீட்டுக் குழந்தையையோ பார்க்க வந்தவள் போல நிற்கிறேன்.

எனக்குப் பால் ஊறவில்லை. மாவுப் பால் அவள் குடலுக்கு ஆபத்து என்று டாக்டர் சொல்லிவிட்டார். இங்கே பால் வங்கி இருக்கிறது. ஆனால் என் மாமியாரைத்தான் உங்களுக்குத் தெரியுமே! ஜாஹிதா மாமி ஒற்றைக்காலில் நின்றாராம். "யாரு பாலுன்னு தெரியாம குடுக்கறதாவது? பால் குடுத்தவ புள்ளைக இவளுக்குக் கூடப் பொறந்த மாதிரி ஆயிருமுங்க, நிக்காஹ் ஆகாது. நாளைக்கு யாரு ஊட்டுப் பையன் இவளுக்கு அண்ணனோ, எங்க போய்த் தேடறது? இவ அண்ணன் ரசாக் சம்சாரம் பால் குடுக்கறவதானே, நம்ம ஊட்டுப் பாலே குடுங்க" என்றாராம். என் வீட்டுக்காரர் ஓடி வந்து உங்களைக் கேட்டதும், நீங்கள் ஒரு வார்த்தை பேசாமல் ரத்தப் பரிசோதனைக்குக் கையை நீட்டினீர்களாம். பதினோரு நாளாக என் மகளை வளர்ப்பது நீங்கள்தான்.

அண்ணன் பைக்கில் வந்தால் பெட்டி குலுங்கும் என்று பஸ்ஸில் வருகிறாராமே. அத்தாவும் அம்மாவும் போன பிறகு எனக்குப் பிறந்த வீடு என்றால் அவர் ஒருவர்தான். என் வயிற்றைப் பார்த்து "மருமகளே, சூலூருக்கு எப்ப வாரே?" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாரே, அவருக்காகவாவது இவள் பிழைக்க வேண்டும். துஆ செய்யுங்கள்.

உங்கள் ரிஃபானா

16.6.2024
சூலூர்

அன்பு நாத்தனாருக்கு மிஸ்பாவின் ஸலாம். நாங்கள் சுகம். தல்ஹாவுக்குக் காய்ச்சல் விட்டு, கீழ்ப்பல் இரண்டு எட்டிப் பார்க்கின்றன. உன் தையல் காய்ந்ததா? கால் வீக்கம் வடிந்ததா?

"இதுவா" என்று கேட்டதற்கா இத்தனை அழுகை? தல்ஹா பிறந்து கையில் கொடுத்தபோது நான் "மூக்கு ஏன் இப்படி இருக்கு?" என்று கேட்டேன். உன் அண்ணன் மூக்கு அது. இன்றுவரை அவர் மறக்கவில்லை. உனக்கு ஐந்து நாள் நினைவே இல்லை, அதற்குள் பாசம் எப்படி வரும்? பஸ் பிடித்தா வரும்? மெதுவாக வரட்டும். நீ தினமும் போய் நில். கையைக் கழுவிக்கொண்டு தொடச் சொன்னால் தொடு. அது போதும்.

பாலைப் பற்றிக் கணக்குப் பார்க்காதே. தல்ஹா இப்போது கஞ்சி குடிக்கிறான், ராகிக் களியைத் துப்புகிறான். மிச்சம் இருப்பதைத்தான் அனுப்புகிறேன். உன் அண்ணன் காலை ஆறரை மணிக்கே பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார். உக்கடத்தில் நம் கடை திறக்க ஒன்பது ஆகும் என்றால், "பஸ்ஸு தவறிப் போச்சுன்னா?" என்கிறார். தையல் மிஷின் ஸ்பேர் வாங்க வருகிறவர்கள் எல்லாரிடமும் இப்போது கிராம் கணக்குத்தான் பேசுகிறாராம்.

மருமகள் பேச்செல்லாம் இருக்கட்டும். அவள் முதலில் மனுஷியாகட்டும். நீ சாப்பிடு.

மிஸ்பா

25.6.2024
கோவை

அண்ணி! அஸ்ஸலாமு அலைக்கும். சுகமா என்று கேட்கக்கூடப் பொறுமை இல்லை, சுகமாகத்தான் இருப்பீர்கள். நேரே விஷயத்துக்கு வருகிறேன். அவளை என்னிடம் கொடுத்துவிட்டார்கள்!

நித்யஸ்ரீ என்று ஒரு நர்ஸ், சின்னப் பெண், குரல் மட்டும் தலைமை ஆசிரியை மாதிரி. "அக்கா, குளிச்சாச்சுங்களா? முன்னாடி பட்டன் வெச்ச நைட்டி போட்டு வாங்க" என்றாள். சாய்வு நாற்காலியில் உட்கார வைத்து, குழாய்களோடு அப்படியே தூக்கி, வெறும் டயப்பரோடு என் நெஞ்சில் கவிழ்த்து, மேலே துணியைச் சுற்றிக் கட்டிவிட்டாள். கங்காரு முறையாம். குளிர் காலத்தில் கோழி குஞ்சை வைத்துக்கொள்கிற மாதிரிதான்.

அவளுக்கு நடுநடுவே மூச்சு விட மறந்துபோகிறது அண்ணி. மணி அடிக்கும், நர்ஸ் ஓடி வந்து உள்ளங்காலைச் சுண்டுவார், உடனே நினைவு வந்து மூச்சு விடுவாள். நேற்று முழுவதும் ஏழு தடவை. இன்று என் மேல் இருந்த இரண்டு மணி நேரத்தில் ஒரு தடவைகூட மறக்கவில்லை. நித்யஸ்ரீ சொன்னாள், "உங்க நெஞ்சு ஏறி எறங்கறதப் பாத்துக் கத்துக்கறாளுங்க அக்கா." நான் அழுதேன், அவள் தலை நனைந்துவிட்டது, அதற்கும் திட்டு வாங்கினேன்.

ஆயிரத்து நூற்று அறுபது கிராம். காது மடல் துணி மாதிரி மடங்குகிறது. தோளில் பொடி முடி. எங்கள் அம்மாவின் நெற்றி. இவள் என் மகள் அண்ணி. வேறு யாருடையவளும் இல்லை.

இன்னொன்று. நாற்காலியிலிருந்து எழுந்தபோது நைட்டி ஈரமாக இருந்தது. பம்ப் வைத்தார்கள். நாலு மில்லி! நான் துள்ளிக் குதிக்காத குறைதான். உங்கள் முப்பதோடு என் நாலையும் சேர்த்துக் குழாயில் விட்டார்கள்.

மாப்பிள்ளை தல்ஹாவிடம் சொல்லுங்கள், பெண் ஆயிரத்து நூறைத் தாண்டிவிட்டாள், அவசரப்பட வேண்டாம், அவர் முதலில் நடக்கக் கற்றுக்கொள்ளட்டும் என்று.

ரிஃபானா

27.6.2024
சூலூர்

அன்பு ரிஃபானாவுக்கு, ஸலாம். இங்கே எல்லோரும் சுகம். உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். சபுராக்காவுக்கும் படித்துக் காட்டினேன். அவர் அழ, நான் அழ, எங்களைப் பார்த்துத் தல்ஹாவும் அழ, ஒரே கூத்து.

நாலு மில்லி நாற்பதாகும். பூண்டுக் குழம்பு சாப்பிடு. பெட்டியின் மேல் தட்டில் பூண்டுப் பொடி வைத்திருக்கிறேன், சுடுசோற்றில் நெய்யோடு பிசைந்துகொள். தண்ணீர் நிறையக் குடி. பம்ப் வலித்தால் நர்ஸிடம் அளவு மாற்றிக் கேள், பல்லைக் கடித்துக்கொண்டு இருக்காதே.

நேற்று மதியம் கரண்ட் போய்விட்டது. பால் உருகிவிடுமே என்று உன் அண்ணன் கடையைப் பூட்டிவிட்டு வந்து, கறிக்கடைக்காரரிடம் ஐஸ் வாங்கி அடைத்தார். அவ்வளவுதான் செய்தி. உடம்பைப் பார்த்துக்கொள்.

மிஸ்பா

5.7.2024
கோவை

அன்புள்ள அண்ணிக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். ருமைசா நலம், ஆயிரத்து இருநூற்றுத் தொண்ணூறு. மூக்குக் குழாயை எடுத்துவிட்டார்கள். நீங்களும் தல்ஹாவும் நலம் என்று நம்புகிறேன்.

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

பக்கத்து நாற்காலியில் ஷ்ரவ்யா என்று ஒரு பெண், அன்னூர்ப் பக்கம், கவுண்டர் வீடு, இரட்டைக் குழந்தை பெற்றவள். அவள் பிள்ளைகளுக்குப் பால் வங்கிப் பால்தான். நேற்று மாமி என்னைப் பார்க்க வந்தபோது தாய்மார்கள் அறையில் அவளிடம் பெருமை பேசிக்கொண்டிருந்தார். எங்கள் மார்க்கத்தில் இப்படி, பால் கொடுத்தால் தாய், அவள் பிள்ளைகள் உடன்பிறப்பு, ஆயுசுக்கும் கல்யாணம் ஆகாது, அதனால்தான் நாங்கள் உஷாராக எங்கள் வீட்டுப் பாலையே கொடுத்தோம் என்று. ஷ்ரவ்யா தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, வெகு சாதாரணமாக, "அப்படீங்களா? அப்ப இவங்க அண்ணன் பையன் பாப்பாவுக்கு அண்ணன் ஆயிட்டானுங்களா? அந்தப் பையனுக்குத்தான் பேசி வெச்சிருக்கீங்கன்னு ரிஃபானா சொன்னாங்களே?" என்றாள்.

மாமிக்குத் திறந்த வாய் மூடவில்லை. நான் மயக்கத்தில் கிடந்தவள். மாமியும் இவரும் பதற்றத்தில் மறந்தார்கள் என்றே வைத்துக்கொள்வோம். நான் ஒரு மாதமாக மாப்பிள்ளை, மருமகள் என்று கேலி பேசிக்கொண்டு அந்தப் பாலையே ஊற்றிக்கொண்டிருந்தேனே, எனக்கு எங்கே போயிற்று புத்தி?

அண்ணனுக்கு இது தெரியுமா? உங்களுக்குத் தெரியுமா? உடனே எழுதுங்கள்.

ரிஃபானா

10.7.2024
கோவை

அண்ணி, ஸலாம். ஐந்து நாளாகப் பால் வருகிறது, கடிதம் வரவில்லை. ஒவ்வொரு நாளும் ஐஸ் பாக்கெட்டுக்கு அடியிலெல்லாம் தேடிவிட்டேன். தல்ஹாவுக்கு உடம்பு சரியில்லையா? என் மேல் கோபமா? அண்ணன் காலையில் பெட்டியைக் கொடுத்தார், கண்ணாடி வழியாக ஒரு நிமிடம் பார்த்தார், போய்விட்டார். முகத்திலிருந்து ஒன்றும் தெரியவில்லை.

ருமைசா ஆயிரத்து நானூறு. ஒரு வரி எழுதுங்கள்.

ரிஃ.

12.7.2024
சூலூர்

அன்பு ரிஃபானா, அஸ்ஸலாமு அலைக்கும். எல்லோரும் சுகம். கோபமில்லை. ஐந்து நாளும் எழுதினேன், ஐந்தையும் கிழித்தேன்.

எனக்குத் தெரியும். தெரிந்துதான் கொடுத்தேன்.

உன் வீட்டுக்காரர் வந்து நின்ற அன்று அவர் சட்டையில் பட்டன் மாற்றிப் போட்டிருந்தார். "அம்மா நம்ம ஊட்டுப் பால்தான் வேணுங்கறாங்க" என்றதுமே எனக்குச் சுருக்கென்றது. நம் வழக்கத்தில் ஒரு சொட்டு வயிற்றுக்குள் போனாலும் போதும், குழாயில் போனாலும் அதேதான். சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். சொன்னால் என்ன நடக்கும்? மாமி ஒன்று சொல்வார், உன் அண்ணன் ஒன்று சொல்வார், பள்ளிவாசல் ஹஜ்ரத்தைக் கேட்போம் என்பார்கள், வங்கிப் பாலா வேண்டாமா என்று மறுபடி ஆரம்பிக்கும். அங்கே குழந்தை வயிறு காலியாகக் கிடக்கிறது. கையை நீட்டிவிட்டேன்.

எனக்கு ஆசை இல்லை என்று நினைக்காதே. உன்னை மாதிரி ஒரு வாயாடி மருமகளாக வந்து, தல்ஹாவை ஆட்டி வைப்பதைப் பார்க்க எனக்கும் ஆசைதான். முதல் நாள் பம்ப் வைத்தபோது அதை நினைத்துக் கொஞ்சம் அழுதேன். இரண்டாம் நாள் அழவில்லை. நீ கிராம் கணக்கு எழுத ஆரம்பித்த பிறகு நினைவே வரவில்லை.

உன் அண்ணனிடம் சொல்லவில்லை. அவர் கோபப்பட்டால் சமாளித்துவிடுவேன். அவர் கோபப்பட மாட்டார், வாடிப்போவார். அதுதான் எனக்குப் பயம். நான் சொல்கிறேன், நீ சொல்லாதே. நான் செய்த காரியம்.

இனி வேண்டாம் என்றால் பெட்டியை நிறுத்திவிடுகிறேன். நிறுத்துவதால் எதுவும் மாறப்போவதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மிஸ்பா

15.7.2024
கோவை

அன்புள்ள அண்ணிக்கு, ஸலாம். உங்கள் உடம்பு சுகம்தானே, அறிவு மட்டும்தான் கெட்டுப்போயிற்றா? பெட்டியை நிறுத்துவதா? நிறுத்திப் பாருங்கள், தையல் போட்ட வயிற்றோடு சூலூர் பஸ் ஏறி வந்து சண்டை போடுவேன். எனக்கு இன்று அறுபது மில்லி வந்தது. அவளுக்கு ஒரு நாளைக்கு இருநூற்றைம்பது வேண்டும். மிச்சத்துக்கு நான் எங்கே போவேன், உங்களிடம் வராமல்?

இரண்டு நாள் யோசித்தேன். நீங்கள் அன்று வாயைத் திறந்திருந்தால் இன்று ஆயிரத்து ஐநூற்று முப்பது கிராம் என் நெஞ்சில் கனத்திருக்குமா என்று தெரியாது. அதற்கு மேல் யோசிக்க எனக்கு ஒன்றுமில்லை. மாமியும் இப்போது வாயைத் திறப்பதில்லை. வீட்டில் ஒரு மாதமாக இவ்வளவு அமைதி இருந்ததில்லை என்று இவர் சந்தோஷப்படுகிறார்.

ஆனால் அண்ணன்? என்னைப் பன்னிரண்டு வயதிலிருந்து வளர்த்தவர். என் நிக்காஹ் அன்று மண்டபத்துப் பின்பக்கம் போய் நின்று அழுதவர். "உன்னைத்தான் குடுத்துட்டேன், உம் பொண்ணையாவது எங்கிட்டக் குடு" என்றுதானே கேட்டார்? வேறு என்ன கேட்டார் என்னிடம்? இதைக் கேட்ட பிறகு அவர் முன்போல இங்கே வருவாரா?

இன்னொன்று கவனித்தீர்களா? கண்ணாடிக்கு வெளியே நிற்கும்போது அவர் "மருமக" என்று சொல்வதே இல்லை. "புள்ளை எப்படி இருக்கா?" என்கிறார், அவ்வளவுதான். பிறந்ததிலிருந்தே அப்படித்தான் என்று நித்யஸ்ரீ சொல்கிறாள். பிழைப்பாளோ மாட்டாளோ என்று மனதை விலக்கிக்கொண்டாரா? எனக்குப் பயமாக இருக்கிறது. சீக்கிரம் சொல்லிவிடுங்கள்.

ரிஃபானா

23.7.2024
சூலூர்

அன்பு ரிஃபானாவுக்கு மிஸ்பாவின் ஸலாம். நலம், நலமறிய ஆவல். தல்ஹா பீரோவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான், விழுகிறான், மறுபடி நிற்கிறான்.

மூன்று தடவை சொல்ல ஆரம்பித்தேன். முதல் தடவை சாப்பிடும்போது. "ஏனுங்க, ருமைசா விஷயமா ஒண்ணு சொல்லோணும்" என்றேன். "பெட்டிக்கு ஐஸ் வெச்சுட்டியா?" என்று எழுந்து ஃப்ரீஸரைத் திறந்து பார்க்கப் போய்விட்டார். இரண்டாம் தடவை வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குக் கிளம்பும்போது. "வந்து பேசிக்கலாம் அம்மணி" என்றார், வந்ததும் தூங்கிவிட்டார். மூன்றாம் தடவை தல்ஹா வழுக்கி விழுந்து பேச்சே மாறிப்போயிற்று. என்னமோ, எனக்குத்தான் நேரம் வாய்க்கவில்லை.

அவர் மனதை விலக்கிக்கொண்டவர் மாதிரி எனக்குத் தெரியவில்லை. நேற்று நகரப் பேருந்தில் யாரோ பெட்டி மேல் பையை வைத்தார்கள் என்று சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறார்.

இந்த வாரத்துக்குள் சொல்லிவிடுகிறேன்.

மிஸ்பா

31.7.2024
துடியலூர், வீட்டிலிருந்து

அண்ணி, ஸலாம். உங்கள் எல்லோருக்கும் எப்படி இருக்கிறது? எனக்கு நூற்று மூன்று காய்ச்சல். இவருக்கும் மாமிக்கும் அதே காய்ச்சல், இருமல். நாலு நாளைக்கு வார்டு வாசலைக்கூட மிதிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

நேற்று முழுவதும் யாரும் அவளை நெஞ்சில் வைத்துக்கொள்ளவில்லை. நித்யஸ்ரீ போன் செய்தாள். இரண்டு வாரமாக மறக்காத மூச்சை நேற்று மூன்று தடவை மறந்தாளாம். எடையும் இருபது கிராம் இறங்கி ஆயிரத்து எழுநூற்று நாற்பதில் நிற்கிறது. வீட்டு ஆள் யாராவது சுகமாக இருப்பவர் வந்து வைத்துக்கொண்டால் நல்லது என்றாள். தல்ஹாவுக்குச் சளி என்பதால் நீங்களும் போக முடியாது. மிச்சம் அண்ணன் ஒருவர்தான். போனில் கேட்டேன். "சரி" என்று ஒரு வார்த்தை சொல்லி வைத்துவிட்டார்.

நாளைக் காலை அவர் போகிறார். இன்று சாயங்காலம் இங்கே கஞ்சி கொண்டுவருவாராம், அப்போது உங்களுக்கு எடுத்து வர இதைக் கேட்டில் மாட்டி வைக்கிறேன். அண்ணி, அவர் அவளைத் தூக்குமுன் சொல்லிவிடுங்கள். மருமகள் என்று நினைத்துக்கொண்டு நெஞ்சில் வைத்திருந்துவிட்டு, அப்புறம் தெரிந்தால் அவருக்கு எப்படி இருக்கும்? நான் அண்ணனை ஏமாற்றியவளாக ஆகிவிடுவேன். கெஞ்சிக் கேட்கிறேன்.

ரிஃபானா

1.8.2024
ஆஸ்பத்திரி

அன்புத் தங்கை ரிஃபானாவுக்கு ரசாக்கின் ஸலாம். காய்ச்சல் இறங்கியதா? கஞ்சியைக் குடித்தாயா, ஊற்றிவிட்டாயா? மச்சானுக்கும் மாமிக்கும் எப்படி இருக்கிறது?

எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. கையெழுத்தும் கோணலாக இருக்கும். உன் மகள் என் மேல் படுத்திருக்கிறாள், நர்ஸ் கொடுத்த அட்டையைத் தொடையில் வைத்து எழுதுகிறேன். அசைந்தால் முறைக்கிறாள், நர்ஸும்தான், உன் மகளும்தான்.

காலையில் நகம் வெட்டி, குளித்து, எட்டு மணிக்கே வந்துவிட்டேன். ஒரு ஃபாரம் கொடுத்து, குழந்தைக்கு என்ன உறவு என்று கேட்டார்கள். தாய்மாமன் என்றேன். "அம்மா, அப்பா, இல்லைன்னா டாக்டர் எழுதிக் குடுக்கோணுமுங்க. ரவுண்ட்ஸ் வர பதினொண்ணு ஆகுமுங்க" என்றாள் அந்த நர்ஸ் பெண். சரி என்று உட்காரப் போனேன். உள்ளே மணி அடித்தது. உள்ளங்காலைச் சுண்டுவது கண்ணாடியில் தெரிந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. "நான் இவளுக்கு அத்தாவும்தானுங்க" என்று சொல்லிவிட்டேன். அவள் விழித்தாள். "ரெண்டு மாசமா இவ குடிச்சது எஞ்சம்சாரம் பாலுங்க. பால் குடுத்தவ அம்மான்னா அவ புருசன் அத்தாங்க. எங்க மார்க்கத்துல அப்படித்தானுங்க. வேணுமுன்னா எங்க ஹஜ்ரத்தைப் போன்ல கேட்டுக்குங்க" என்றேன். அவள் போய்ப் பெரிய நர்ஸிடம் பேசிவிட்டு வந்து கவுனை நீட்டினாள். ஃபாரத்தில் அத்தா என்றே எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அந்தப் பெண் வாயால் நீ கேட்பதற்கு முன் என் வாயால் கேட்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். நேற்று இரவு மிஸ்பாவும் உன் கடிதத்தை வைத்துக்கொண்டு அழுதுகொண்டே சொன்னாள். தெரியும் என்றேன். என்னை அடிக்க வந்துவிட்டாள்.

மச்சான் வந்து கேட்ட அன்றே தெரியும். அவள் கையை நீட்டியபோது பக்கத்தில் நின்றவன் நான்தானே? மறந்தவர்கள் மறந்தார்கள், எனக்கு எப்படி மறக்கும், ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவன்! நான் அன்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லோரும் என் முகத்தைப் பார்த்துத் தயங்கியிருப்பார்கள். தயங்க அங்கே நேரம் இல்லை. பிறகும் வாயைத் திறக்கப் பயம். எனக்கு வருத்தம் என்று தெரிந்தால் இவள் மனசு கஷ்டப்பட்டுப் பால் வற்றிவிடுமோ, நீ ரோஷப்பட்டுப் பெட்டி வேண்டாம் என்றுவிடுவாயோ என்று. நீங்கள் இரண்டு பேரும் டேப் ஒட்டி ஒட்டி அனுப்பிய கடிதங்களை நான் பிரிக்கவில்லை. அவள் சொல்ல வந்தபோதெல்லாம் நான்தான் ஐஸ் பார்க்க எழுந்து போனேன்.

வருத்தம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். முதல் வாரம் ஒரு நாள் பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அழுதுவிட்டேன். பக்கத்தில் இருந்தவர் பெட்டியைப் பார்த்து, "என்னங்க, மீன் கெட்டுப் போச்சுங்களா?" என்று கேட்டார். அழுகையிலும் சிரிப்பு வந்துவிட்டது. அன்றோடு சரி.

உன் பெண் சூலூருக்கு வந்தால் நீயும் அடிக்கடி வருவாய் என்ற ஒரே கணக்குத்தான் எனக்கு. மருமகள் என்றால் இருபது வருஷம் காத்திருக்க வேண்டும். இப்போதே மகளாகிவிட்டாள். நீ ஏமாற்றவில்லை அம்மணி. என்னை ஏமாற்ற உனக்கு இன்னும் வயது பத்தாது.

மணி பன்னிரண்டரை. நாலு மணி நேரமாக ஒரு தடவைகூட மூச்சை மறக்கவில்லை. என் கால் மரத்துப்போய்விட்டது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

ரசாக்

25.8.2024
சூலூர்

அன்பு ரிஃபானாவுக்கு, மிஸ்பாவின் ஸலாம். நீயும் குழந்தையும் சுகமாக வீடு வந்து சேர்ந்தது சந்தோஷம். ருமைசா நேரடியாக உன்னிடமே குடிக்கிறாள் என்று கேட்டு இரண்டு ரக்அத் தொழுதேன். பெட்டி போவது நின்றுவிட்டது. பழக்கதோஷம், போனில் சொல்ல முடியாத விஷயத்துக்குக் கை பேனாவைத் தேடுகிறது. இதைத் தபாலில் போடுகிறேன். இரண்டு கிலோ நூறு என்றாய், இன்று எவ்வளவு? மாமிக்கு மறுபடி குரல் வந்துவிட்டதா?

நேற்று நடந்ததைச் சொல்கிறேன். உன் அண்ணன் வீட்டில் இருக்கிறார், அதனால் போனில் சொல்ல முடியவில்லை. கடைக்கு எதிர்க்கடை சிக்கந்தர் பாய் இருக்கிறாரே, அவர் மகள் பிரசவத்துக்கு வந்து ஆண் குழந்தை பிறந்திருக்கிறது. இனிப்பு கொடுக்க வந்தவர் சும்மா இருக்கக் கூடாதா? "ரசாக் பாய், உங்க தங்கச்சி பொண்ணு உங்களுக்கு மகளாயிட்டாளாமே! அப்ப மருமக எடம் காலி. எம் பேரனுக்குப் பேசி முடிச்சுக்கலாமுங்களா? ஜோடி பொருத்தமா இருக்கும்" என்று சிரித்துக்கொண்டே கேட்டாராம்.

நாம் எல்லோரும் இத்தனை வருஷமாகப் பார்த்த ஆள்தானே உன் அண்ணன்? வயிற்றில் இருந்த குழந்தைக்கே கல்யாணம் பேசியவர்தானே? இவருக்கு வந்ததே கோபம்! இனிப்புத் தட்டை அப்படியே திருப்பி நகர்த்திவிட்டு எழுந்து நின்றாராம். "ஏனுங்க பாய், பொறந்து மூணு மாசம் ஆகல, அதுக்குள்ள எம்பொண்ணுக்குக் கல்யாணப் பேச்சா? அவ படிக்கோணும், வேலைக்குப் போகோணும், அப்பறம் அவளுக்குப் புடிச்சாத்தான். பொம்பளப் புள்ளையப் பெத்தவன்கிட்டப் பேசற பேச்சுங்களா இது?" என்று கடை வீதியே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினாராம்.

வீட்டுக்கு வந்து என்னிடம் சொல்லும்போதும் கோபம் அடங்கவில்லை. இன்றும் தல்ஹாவைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, "டேய், உந்தங்கச்சியக் கேட்டு எவனாவது வந்தா விடாதே" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் அடுப்படியில் வந்து நின்று சிரித்துக்கொண்டே இதை எழுதுகிறேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வருகிறோம். என் மகளுக்குக் கொசுவலை வாங்கி வைத்திருக்கிறேன்.

மிஸ்பா